பழைய வழக்கு, புதிய துப்பாக்கி: அமெரிக்கச் சட்டத்தில் பலர் சறுக்கும் இடங்கள்

"நான் ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை, புரபேஷனோடு (சிறைக்குப் பதில் கண்காணிப்பு) விட்டுவிட்டார்கள்." துப்பாக்கி வழக்கில் சிக்கியவர்கள் பலர் சொல்லும் சமாதானம் இது. குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போடும் கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஜி)(1) பிரிவு அதைக் காதில் வாங்காது. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்க இடமுள்ள குற்றமா என்று மட்டும் பார்க்கும். ஐந்தாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய திருட்டு வழக்கில் வெறும் புரபேஷன் வாங்கியவருக்கும் தடை உண்டு. மாநிலச் சட்டம் மிஸ்டிமீனர் (சிறு குற்றம்) என்று வகைப்படுத்திய குற்றத்துக்கு மட்டும், இரண்டாண்டுக்கு மேல் சிறை விதிக்க இடமிருந்தால்தான் தடை. (வெளிநாட்டு நீதிமன்றத் தண்டனை இதில் சேராது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குத் தனியே ஒரு தடை இருக்கிறது, விதிவிலக்குகள் சிலவே.)

அடுத்த தவறு, "துப்பாக்கி என் பெயரில் இல்லையே" என்பது. இங்கே பெயர் முக்கியமில்லை. இருப்பது தெரியும், நினைத்தால் எடுக்க முடியும், எடுக்கும் எண்ணமும் உண்டு என்று நிரூபித்தால் அது கைவசம்தான். மனைவி சட்டப்படி வாங்கியதாக இருக்கலாம். படுக்கையறை இழுப்பறையில் பூட்டாமல் கிடந்தால் தடையுள்ள கணவருக்கு ஆபத்து. அவருக்கு எண் தெரியாத பெட்டகத்தில் வைப்பதுதான் குறைந்தபட்சப் பாதுகாப்பு. துப்பாக்கியே வேண்டாம், ஒற்றைத் தோட்டா போதும். ஏற்கெனவே சொந்தமாக வைத்திருந்த துப்பாக்கிகளைத் தானே காரில் ஏற்றி விற்கப் போவதும் குற்றத்தில்தான் முடியும். வக்கீல் வழியாக மூன்றாம் நபரிடம் ஒப்படைக்க வேண்டும். போலீஸ் வசம் இருப்பவற்றையும் அவர் கட்டுப்பாட்டுக்குத் திரும்பாதபடி கைமாற்ற 2015-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது.

பெரிய அடி தண்டனைக் கணக்கில் விழுகிறது. வழக்கமான உச்சவரம்பு 15 ஆண்டு. 2022 ஜூனுக்கு முன் 10. வன்முறைக் குற்றம் (திருட்டு நுழைவும் இதில் சேரும்) அல்லது கடும் போதைப்பொருள் குற்றத்தில், வெவ்வேறு சந்தர்ப்பங்களில் நடந்த மூன்று முன்தண்டனைகள் இருந்தால் அதே 15 ஆண்டு குறைந்தபட்சமாகிவிடும்; மேலே ஆயுள் வரை போகலாம். "அது முப்பது வருஷப் பழசு" என்பது இங்கே எடுபடாது. தண்டனை வழிகாட்டு விதிகளில் பழைய வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு, இந்தச் சட்டத்தில் இல்லை. போதைப்பொருள் வழக்கிலும் எத்தனை ஆண்டு கிடைத்தது என்று பார்க்கமாட்டார்கள். பத்தாண்டோ மேலோ விதிக்க இடமிருந்ததா என்றே பார்ப்பார்கள்.

அதற்காக எண்ணிக்கையைப் பார்த்ததும் கையை விரிப்பதும் தவறு. ஜார்ஜியாவில் 1997-இல் ஒரே இரவில் ஒரே கிடங்கில் பத்து அறைகளை உடைத்தவருக்குப் பத்து தண்டனைகள். 2022-இல் உச்ச நீதிமன்றம் அதை ஒரே சந்தர்ப்பமாகக் கணக்கிட்டது. சந்தர்ப்பங்கள் வேறுவேறா என்பதை ஜூரி ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும் என்றது 2024-இன் எர்லிங்கர் தீர்ப்பு. இது தெரியாமல் குற்ற ஒப்புதல் விசாரணையில் "ஆமாம், தனித்தனிதான்" என்று தலையாட்டுகிறவர், ஜூரி முன் வாதாடியிருக்கக்கூடியதைத் தானே விட்டுக்கொடுக்கிறார்.

என்ன செய்தார் என்பதை விட, எந்தச் சட்ட வாசகத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார் என்பதுதான் எடை. அயோவாவின் திருட்டு நுழைவுச் சட்டம் கட்டிடங்களோடு வண்டி, படகு, விமானத்தையும் அடக்கியது. கட்டிடத்துக்குள் நுழைவது என்ற வழக்கமான வரையறையைவிட இது அகலம். அதனால் 2016-இல் மாத்திஸ் என்பவரின் வழக்கில் அந்தத் தண்டனைகள் கணக்கிலிருந்து விழுந்தன, அவர் நுழைந்தது கட்டிடங்களில் என்றபோதும். வெறும் அசட்டைத்தனமே போதும் என்று வரையறுத்த தாக்குதல் குற்றமும் 2021-க்குப் பிறகு வன்முறைக் கணக்கில் வராது. ஆகவே குற்ற ஒப்புதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு பழைய வழக்குக்கும் குற்றப்பத்திரிகை, தீர்ப்பு நகல், அந்த ஆண்டில் அமலில் இருந்த சட்ட வாசகம் மூன்றையும் வரவழைக்க வேண்டும். கணினியில் வரும் ஒரு வரிக் குறிப்பை நம்பக் கூடாது.

வழக்கு விசாரணைக்குப் போனால், முன்தண்டனை உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முன்வரலாம். அப்போது அது என்ன குற்றம் என்ற விவரத்தை ஜூரி காதில் அரசுத் தரப்பு போட முடியாது. 1997-இன் ஓல்ட் சீஃப் தீர்ப்பு தந்த வசதி அது.

மாநிலம் உரிமைகளைத் திருப்பித் தந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களும் உண்டு. தண்டித்தது கூட்டாட்சி நீதிமன்றம் என்றால் அந்தக் கடிதம் செல்லாது. தண்டித்தது மாநிலம்தான், ஆனால் ஏதோ ஒரு வகைத் துப்பாக்கிக்கு மட்டும் தடையை மிச்சம் வைத்திருக்கிறது என்றாலும் கூட்டாட்சித் தடை முழுசாக நீடிக்கும்.