மாங்காய் விழுது, ஸ்கோர் ஏறல: ஸ்க்ராட்ச்சில் பிள்ளைகளே பிழையைக் கண்டுபிடிக்க

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஸ்க்ராட்ச்சில் (பிளாக் எனும் கட்டளைத் துண்டுகளை அடுக்கிப் பிள்ளைகள் நிரல் எழுதும் மென்பொருள்) மாங்காய் பிடிக்கும் விளையாட்டு ஒன்று செய்தாள். மேலிருந்து மாங்காய் விழ வேண்டும். மவுஸ் போகும் பக்கம் கூடையும் போய் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஸ்கோர் ஒன்று ஏற வேண்டும். மாங்காய் விழுந்தது, கூடை நகர்ந்தது, ஸ்கோர் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சும்மா" என்று எழுந்து போய்விட்டாள். அவளைத் திரும்ப உட்காரவைத்து, அவளே பிழையைப் பிடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது. அந்த இரண்டு சாயங்காலத்தில் பிடிபட்ட வழி இது.

ஸ்க்ராட்ச்சை நிறுவுவது, ஸ்பிரைட் (திரையில் நகரும் படம்) வரைவது எல்லாம் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள், அதற்குள் போகவில்லை. இணையம் இல்லாமலே ஓடும் ஸ்க்ராட்ச் செயலியைத்தான் நான் வைத்திருக்கிறேன். மவுஸ் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். டச்பேடில் இழுக்கும்போது பிளாக் பாதியில் நழுவி வேறெங்காவது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தப்பு பிள்ளையின் யோசனையிலா, கைநழுவியதிலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

படி 1: மூன்று கேள்வி

மவுஸ் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: என்ன நடக்கணும்? இப்ப என்ன நடக்குது? எதுவரைக்கும் சரியா நடக்குது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். "எதுவுமே வேலை செய்யல" என்று சொன்ன பிள்ளை, "விழறது சரி, கூடை சரி, ஸ்கோர்தான் ஏறல" என்று தானே பிரித்துச் சொல்லிவிடும். தேட வேண்டிய இடம் அங்கேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது.

படி 2: விரல் வைத்து வாசிப்பது

ஒவ்வொரு பிளாக்கிலும் விரல் வைத்து, அது என்ன செய்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "பச்சைக் கொடியை அமுக்கினா, மேலே போ. எப்பவும், அஞ்சு அஞ்சா கீழ இறங்கு." இப்படி. (பச்சைக் கொடிதான் விளையாட்டைத் தொடங்கும் பொத்தான்.) பிளாக்கில் இருக்கும் ஆங்கிலத்தை அப்படியே வாசித்தால் கண் ஓடிவிடும், மூளை நிற்காது.

படி 3: மஞ்சள் ஒளியைப் பார்ப்பது

நான் சிக்கிக்கொண்ட இடம் இது. மகள் மாங்காய்க்கு இரண்டு அடுக்கு வைத்திருந்தாள். முதல் அடுக்கில் பச்சைக் கொடி, அதன்கீழ் ஃபாரெவர் (உள்ளே இருப்பதை விடாமல் திரும்பத் திரும்பச் செய்யும் பிளாக்), அதற்குள் கீழே இறங்கும் பிளாக். இரண்டாவதில் இன்னொரு பச்சைக் கொடி, அதன்கீழ் 'கூடையைத் தொட்டால் ஸ்கோரை 1 கூட்டு' என்ற இஃப் ('இப்படி இருந்தால் இதைச் செய்' என்னும் பிளாக்). வாசித்தால் இரண்டுமே சரியாகத்தான் இருக்கிறது. எனக்கும் தப்பு தெரியவில்லை.

அதனால் சோதித்துப் பார்த்தோம். சிவப்புப் பொத்தானை அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்தினோம். மாங்காயைக் கையால் இழுத்துக் கூடைமேல் வைத்தாள். பிறகு அந்த இஃப் பிளாக்கை மட்டும் ஒரு கிளிக். ஸ்கோர் 1! இன்னொரு கிளிக், 2! ஆக, பிளாக்கில் தப்பில்லை. அப்படியென்றால் விளையாடும்போது ஏன் ஏறவில்லை?

பச்சைக் கொடியை மறுபடி அமுக்கி, திரையில் மாங்காயைப் பார்க்காமல் பிளாக்குகளைப் பார்க்கச் சொன்னேன். ஓடுகிற அடுக்கைச் சுற்றி ஸ்க்ராட்ச் மஞ்சளாக ஒளி காட்டும். ஃபாரெவர் அடுக்கு விடாமல் ஒளிர்ந்தது. இஃப் அடுக்கில் ஒளி நிற்கவே இல்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "அம்மா, இது ஒரே ஒரு தடவைதான் கேக்குது! அப்ப மாங்கா மேலேயே இருக்கு!" இஃப்பைத் தூக்கி ஃபாரெவருக்குள் தானே போட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்க்க இன்னும் இரண்டு சாயங்காலம்கூட உட்கார்ந்திருப்பேன்.

படி 4: சரிசெய்தபின் வரும் அடுத்த பிழை

இப்போது ஒரு மாங்காய்க்கு ஸ்கோர் 9, 12 என்று தாவியது. அவளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் முதல் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டேன்: என்ன நடக்கணும்? ஃபாரெவர் நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுற்றும். மாங்காய் கூடையைக் கடந்து இறங்கும் அந்தக் கண நேரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 'தொட்டிருக்கிறது' என்பதுதான் பதில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். ஸ்கோரைக் கூட்டியவுடனே மாங்காயை மேலே அனுப்பும் பிளாக்கை (y: 170; y என்பது உயரம்) அதே இஃப்புக்குள் வைத்தால் தீர்ந்தது.

படி 5: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

வேகம் கூட்டலாம், அழுகிய மாங்காய் சேர்க்கலாம், மாங்காய் ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து விழும்படி x-க்கு (இட வலமாக இருக்கும் இடம்) -200 முதல் 200 வரை ரேண்டம் எண் கொடுக்கலாம். எதுவானாலும் ஒன்று மாற்றி, ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் வேறு பெயரில் சேமித்த பிறகே அடுத்தது. எங்கள் வீட்டில் மாங்காய்1, மாங்காய்2 என்று மாங்காய்11 வரை இருக்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்து முயன்ற ஒருவர், "முதல் தடவை நன்றாக ஓடுகிறது, இரண்டாம் தடவை மாங்காயே காணோம்" என்று எழுதியிருந்தார். பிடித்ததும் மறைய ஹைட் பிளாக் போட்டிருந்தார்கள். பச்சைக் கொடியை அமுக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பெரியவர்களே நினைக்கிறோம், அது ஆகாது. மறைந்தது மறைந்தபடி, நகர்ந்தது நகர்ந்த இடத்தில், ஸ்கோரும் விட்ட எண்ணிலேயே இருக்கும். கொடிக்குக் கீழே முதல் வேலையாக ஷோ (மறைந்ததைக் காட்டும் பிளாக்), தொடங்கும் இடம், ஸ்கோர் 0 என்று மூன்றையும் வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொருவரின் பிள்ளைக்கு ஐந்து வயது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் போதும். அதில் எழுத்தே வாசிக்க வேண்டாம், படங்கள்தான். ஸ்கோர் வைக்க அதில் வழியில்லை, ஆனால் படி 1-இன் மூன்று கேள்விக்கும் அங்கே நிறைய வேலை இருக்கிறது.