நீரின் கட்டமைப்பும் வடிகட்டியின் நுண்ணுயிர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நீர் வடிகட்டி விற்க வீட்டுக்கு வருபவர்களின் பேச்சில் இரண்டு கூற்றுகள் பெரும்பாலும் பின்னிக்கொண்டே வரும். கருவிக்குள் புகுந்து வெளிவரும் நீரின் மூலக்கூறுகள் அறுகோண வடிவில் அடுக்கப்பட்டுவிடுவதால் உடலின் உயிரணுக்களுக்குள் அவை எளிதில் நுழைகின்றன என்பது ஒன்று. அந்த நீர் கிருமியற்றது, 'உயிருள்ளது' என்பது மற்றொன்று. முதலாவது இயற்பியல் சார்ந்தது, இரண்டாவது நுண்ணுயிரியல் சார்ந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, ஒன்றை ஏற்றவர்கள் மற்றதையும் கேள்வியின்றி ஏற்றுவிடுவதுதான் முதல் தவறு. என் கணிப்பில், முதல் கூற்றில் ஆராய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. நம் கவனத்துக்குரியவை எல்லாம் இரண்டாவதில்தான் இருக்கின்றன.

நீரில் கட்டமைப்பே கிடையாது என்று சொல்வதும் சரியன்று. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைந்திருக்கிறது. நீரின் உயர்ந்த கொதிநிலைக்கும் பரப்பு இழுவிசைக்கும் அதுவே காரணம். ஆனால் அந்தப் பிணைப்புகள் நிலையானவை அல்ல. ஒரு வினாடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோ வினாடி அளவில் அவை அறுந்து மீண்டும் சேர்கின்றன. 2005-இல் வெளியான ஓர் அளவீட்டின்படி, திரவ நீர் தன் பிணைப்பு வலையின் ஒழுங்கை ஏறத்தாழ 50 ஃபெம்டோ வினாடிகளில், அதாவது ஒரு பிக்கோ வினாடியின் இருபதில் ஒரு பங்கில், இழந்துவிடுகிறது. அறுகோண ஒழுங்கு நிலைத்திருப்பது பனிக்கட்டியில்தான். வடிகட்டிக்குள் எந்த வடிவம் உண்டானாலும், அது குவளையின் அடியைத் தொடும் முன்பே கலைந்திருக்கும்.

அப்படி அடுக்கப்பட்ட நீர் உயிரணுவுக்குள் 'சிறு கொத்தாக' நுழையும் என்பது இன்னும் பலவீனமான வாதம். உயிரணுச் சவ்வில் நீர் செல்வதற்கென்றே அக்குவாபோரின் என்னும் புரதத் துளைகள் உள்ளன. அவற்றைக் கண்டறிந்ததற்காகப் பீட்டர் ஆக்ரே 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அத்துளையின் குறுகலில் நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல முடியும். வெளியே அவை கொத்தாக இருந்தனவா இல்லையா என்பது அங்கே ஒரு பொருட்டே அன்று.

விற்பனைக் கையேடுகளில் 'காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரியுடன் ஒரு வரைபடம் இருக்கும். ஆக்சிஜன்-17 அணுவின் சமிக்ஞை அகலம் குழாய் நீரில் அதிகம், தங்கள் நீரில் குறைவு, ஆகவே தங்கள் நீரின் கொத்துகள் சிறியவை என்பது அதன் வாதம். அந்த அளவீடு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதற்குத் தரும் பொருள்தான் பொய். அந்த அகலம் கொத்தின் அளவைக் காட்டுவதில்லை. மூலக்கூறுகளுக்கிடையே புரோட்டான்கள் எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றன என்பதைப் பொறுத்து அது மாறும். அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில் அது மிக அகலமாகவும், சற்றே அமிலமோ காரமோ சேர்ந்தால் குறுகியும் தெரியும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் அந்த வரைபடத்தைக் குறுகச் செய்துவிடும்.

அறிவியலாளர்களே இந்த வலையில் விழுந்ததுண்டு. 1960-களில் சோவியத் ஆய்வாளர் ஃபெத்யாக்கின் நுண்குழாய்களில் கூழ்போல் தடித்த ஒரு புதுவகை நீரைக் கண்டதாக அறிவித்தார். போரிஸ் தெர்யாகின் அந்த ஆய்வை முன்னெடுத்தார். 'பாலிவாட்டர்' என்ற பெயரில் மேற்கு நாடுகளிலும் அது பரபரப்பானது. பின்னர் டெனிஸ் ரூசோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் வியர்வையைச் சோதித்தபோது, அதுவும் ஏறக்குறைய அதே நிறமாலையைத் தந்தது. புதுவகை நீராகத் தோன்றியது மாசு என்பதை 1973-இல் தெர்யாகினே ஒப்புக்கொண்டார். நீருக்குப் புதிய வடிவம் வந்துவிட்டதாக யாரேனும் சொன்னால், நீருக்குள் வேறென்ன இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு, வரவேற்பறை மேசையில் நடக்கும் செய்முறையைப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைக்கப்படும்; ஒன்றில் குழாய் நீர், மற்றதில் உப்புகளையும் நீக்கிவிடும் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்ஓ) வடிகட்டியின் நீர். இரண்டிலும் நான்கு உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை முக்கி மின்சாரம் செலுத்துவார்கள். சிறிது நேரத்தில் குழாய் நீர் பழுப்பாகி, நுரையும் கசடும் மிதக்கும். மற்றக் குவளை தெளிவாகவே இருக்கும். "இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்" என்பார் விற்பனையாளர். உண்மையில் அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வந்தது. குழாய் நீரில் கரைந்துள்ள தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்புக் கம்பி கரைந்து ஹைட்ராக்சைடாகப் படிகிறது. உப்பு நீக்கிய நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாததால் அங்கே ஒன்றும் நடப்பதில்லை. அந்தத் தெளிந்த குவளையில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, அதே கருவியை மீண்டும் முக்கச் சொன்னால் போதும். (பெரும்பாலும் அவர் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்பார்.)

நீரில் மொத்தம் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்று சொல்லும், பேனா போன்ற டிடிஎஸ் அளவி காட்டும் எண்ணும் இதே மின்கடத்தும் தன்மையிலிருந்து கணக்கிடப்படுவதுதான். அது நுண்ணுயிர்களைக் காட்டாது. எண் குறைந்தால் நீர் தூய்மை என்று நினைப்பவர்கள், எண் பூச்சியமாக இருக்கும் நீரிலும் பாக்டீரியா பெருகலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். சிங்கப்பூரின் குழாய் நீர், உள்ளூர் நீர்த்தேக்கங்கள், ஜொகூரிலிருந்து வரும் நீர், புதுநீர் எனப்படும் சுத்திகரித்த கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்ட கடல்நீர் ஆகிய நான்கு மூலங்களைக் கொண்டது. பொதுப் பயனீட்டுக் கழகம் அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டுதலுக்கு உட்பட்டே வழங்குகிறது. மேலும் வடிகட்டாமல் அப்படியே குடிக்கலாம். நிலையத்திலிருந்து நம் அடுக்குமாடி வீட்டுக் குழாய்வரை நீர் வரும் வழியெல்லாம் கிருமி பெருகாமல் காப்பதற்காக அதில் குளோரமின் சிறிதளவு விடப்பட்டிருக்கிறது. கரித்தூள் வடிகட்டி முதலில் நீக்குவது இந்தக் காவலைத்தான். மணமும் சுவையும் மேம்படுவது உண்மையே. அதற்கு விலையாக, காவல் நீங்கிய நீர், கணக்கற்ற நுண்துளைகள் உள்ள கரியின்மேல், நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில், இரவு முழுவதும் அசையாமல் நிற்கிறது. கரி பிடித்துவைத்த கரிமப் பொருள்களை உணவாகக் கொண்டு பாக்டீரியாக்கள் அதில் உயிர்ப்படலமாகப் படர்கின்றன. காலையில் திறந்ததும் வரும் முதல் குவளையில் அவை உதிர்ந்து வருவதால், வடிகட்டிய நீரின் பாக்டீரியா எண்ணிக்கை குழாய் நீரைவிட அதிகமாக இருப்பது அரிதான செய்தியன்று.

இதைக் கேட்டுப் பதறுவதும் ஒரு தவறுதான். இந்த எண்ணிக்கையில் அடங்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை நலமுள்ளவர்களுக்குத் தீங்கு செய்யாதவை. எண்ணிக்கை மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. மலக் கலப்பைக் காட்டும் இ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே முதன்மையான அளவுகோல். ஆயினும் சூடோமோனாஸ் போன்ற, எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தாக்கும் சந்தர்ப்பவாதக் கிருமிகள் வடிகட்டிகளில் குடியேறுவதுண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் பெற்றவர்கள் ஆகியோர் உள்ள வீடுகளில் 'வடிகட்டியதுதானே' என்று அலட்சியம் காட்டக்கூடாது. கைக்குழந்தைக்கான மாவுப் பாலையும், வடிகட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொதிக்கவைத்து 70 பாகைக்குக் குறையாத சூட்டிலுள்ள நீரில் கலந்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.

புறஊதா விளக்கு உள்ள கருவியென்றால் அந்த விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விளக்கைக் கடந்த பிறகு கரியுறையோ சேமிப்புத் தொட்டியோ இருந்தால், கொல்லப்பட்டவற்றின் இடத்தில் புதியவை வளரத் தடையேதும் இல்லை. புறஊதாக் கதிர் நீரில் எந்தக் காவலையும் விட்டுச்செல்வதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் முதல் சில லிட்டரைச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம். வடிகட்டி உறையைக் குறித்த காலத்தில் மாற்றுவதும், கருவியில் நீர் வெளிவரும் குழாய்முனையைத் துடைப்பதும் மூலக்கூற்று வடிவத்தைவிடப் பல மடங்கு பயனுள்ளவை.

'உயிருள்ள நீர்' குடித்தபின் இரத்த அணுக்கள் பிரிந்து நீந்துவதாக நுண்ணோக்கியில் காட்டுவதும் உண்டு. சிவப்பணுக்கள் நாணயம்போல் அடுக்காகத் தெரிவதும் தனித்தனியாகத் தெரிவதும் இரத்தத் துளியின் தடிமனையும் அது உலரும் நேரத்தையும் பொறுத்தவை. ஒரே துளியின் ஓரத்திலும் நடுவிலும் இரண்டையுமே காணலாம்.

நம் வீடுகளில் இரவில் செம்புப் பாத்திரத்தில் நீர் வைக்கும் வழக்கத்தையும் சிலர் கட்டமைப்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். செம்பு பாக்டீரியாக்களைக் கொல்வது ஆய்வுகளில் உறுதியானதே, ஆனால் அது நீரில் கரையும் செம்பு அயனிகளின் வேலை. குடிநீரில் செம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; புளிப்பு செம்பைக் கூடுதலாகக் கரைக்கும் என்பதால், எலுமிச்சைச் சாற்றையோ மோரையோ அதில் வைக்கக்கூடாது.

குழாய் நீர் பாதுகாப்பற்றது என்று விளம்பரம் செய்த ஒரு வடிகட்டி நிறுவனத்தின்மீது 2024-இல் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சான்றிதழ் காட்டினால் அதன் எண்ணைப் பார்க்க வேண்டும். என்எஸ்எஃப் என்னும் அமெரிக்கத் தர அமைப்பின் 42 என்பது சுவை, மணம், குளோரின் ஆகியவற்றைப் பற்றியது. உடல்நலம் தொடர்பான மாசுகளுக்குரியது 53. முன்னதைக் காட்டிப் பின்னதற்கான வாக்குறுதியைத் தருவது இத்தொழிலில் பழகிப்போன ஒன்று.

ஐயம் தீராதவர்கள் ஆய்வகத்தில் சோதிக்கலாம். கிருமி நீக்கிய, குளோரினை முறிக்கும் தயோசல்பேட் இட்ட புட்டியை ஆய்வகத்திடமே கேட்டு வாங்கி, காலையில் யாரும் வடிகட்டியைத் திறப்பதற்கு முன் முதல் நீரைப் பிடித்து, குளிர்ச்சியாக அன்றே ஒப்படைக்க வேண்டும். சமையலறைக் குழாயிலிருந்தும் நேரடியாக இன்னொரு புட்டி எடுத்துச் செல்ல வேண்டும். அது இல்லாவிட்டால், அறிக்கையில் வரும் எண் குழாயில் வந்ததா, வடிகட்டியில் வளர்ந்ததா என்பதைப் பிரித்தறிய வழியில்லை.