தோட்டத்து ஓணான்: நாம் செய்கிற தவறுகள்

கொளத்தூர், மாதவரம் பக்கம் வீட்டைச் சுற்றி நாலு செம்பருத்தியும் ஒரு முருங்கையும் இருந்தால் போதும், ஓணான் தானாக வந்துவிடும். கல்லெறியும் பிள்ளைகளைத் திட்டுகிறோம். ஆனால் மண்வெட்டி பிடித்த பெரியவர்கள் செய்யும் சேதம் யார் கண்ணிலும் படுவதில்லை.

கோடையில் ஒரு மழை பெய்து மண் இளகியதும் பெண் ஓணான் இறங்கி வந்து, முன்கால்களால் குழி பறித்து, பத்து இருபது முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். காவல் கிடையாது. தொட்டி மண்ணைக் கிளறும்போது தோல் போன்ற வெள்ளை ஓட்டோடு முட்டைகள் வெளிப்பட்டால், பாம்பு முட்டை என்று பயந்து நசுக்குகிறார்கள். அளவைப் பாருங்கள்: ஓணான் முட்டை ஒரு செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். சாரைப்பாம்பின் முட்டை இதைவிடப் பல மடங்கு பெரிசு. சுவர் இடுக்கில் இரண்டிரண்டாக, கெட்டி ஓட்டோடு இருப்பவை பல்லி முட்டை.

கண்டதும் அப்படியே மண்ணை மூடிவிடுவதே நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் உருட்டாதீர்கள். உள்ளே ஒட்டி வளரும் கரு, முட்டை புரண்டால் செத்துப்போகலாம். மேல்பக்கம் பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்து, புள்ளி மேலேயே இருக்கும்படி, லேசான ஈரமுள்ள மண்ணில் மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். முட்டை மண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் பருக்கும். மண் காய்ந்தால் சுருங்கிவிடும். தண்ணீர் தேங்கினால் மூச்சு முட்டி அழுகும். பொரிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம்.

அடுத்தது நைலான் வலை. தரையில் தொய்ந்து கிடந்தால் ஓணான் சிக்கும். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். பல்லிக்கு வளர்வதுபோல் இதற்கு வால் மறுபடி வளராது. துணியால் தலையை மூடி, நகக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டுங்கள். எலிப் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மெல்ல விடுவிக்கலாம். கையில் பிடித்தால் கடிக்கும்தான். விஷமில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கழுத்து சிவந்தால் ரத்தம் குடிக்கிறது என்பதெல்லாம் கதை. அது இனப்பெருக்கக் காலத்து ஆணின் நிறம். தலையாட்டுவதும் நம்மைக் கிண்டல் செய்ய அல்ல, இன்னொரு ஆணை விரட்ட.

செடி வெட்டுவதைப் பொழுது சாய்ந்தபின் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்நேரம் ஓணான் கிளையைக் கட்டிக்கொண்டு தூங்கும்; வெட்டிய கொப்போடு அதுவும் குப்பை மூட்டைக்குள் போய்விடும். காலை பத்து மணிக்கு மேல் வெட்டினால், ஆள் அரவம் கேட்டதுமே ஓடிவிடும்.