ஆலிவ் காய்களைக் கெடாமல் வைப்பதும் கெட்டதை அறிவதும்

மரத்திலிருந்து பறித்த ஆலிவ் காயை அப்படியே உண்ண முடியாது. அதிலுள்ள ஒலியூரோபின் என்னும் பொருள் அத்தனை கசப்பானது. அக்கசப்பை நீக்கி, உப்புநீரில் ஊறவைத்துப் பதப்படுத்திய பிறகே அது கண்ணாடிப் புட்டியில் நம் வீட்டுக்கு வருகிறது. ஆகவே நாம் வாங்குவது ஒருவகை ஊறுகாய்தான். மாவடுவைப் போலவே இங்கும் காயைக் காப்பது அது மூழ்கிக் கிடக்கும் நீர் என்பதால், புட்டியைத் திறந்ததும் அந்நீரை வடித்துக் கொட்டிவிடாதீர்கள்.

படி 1: திறக்கும் முன்

திறக்காத புட்டியை வெயில் படாத, அடுப்புச் சூடு எட்டாத அலமாரியில் வைத்து, அதில் அச்சிட்ட தேதிக்குள் பயன்படுத்தலாம். மூடியின் நடுப்பகுதி மேலே புடைத்திருந்தாலோ ஓரத்தில் நீர் கசிந்திருந்தாலோ அதை வாங்கவே வேண்டாம்.

படி 2: திறந்த பின்

குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஈரமற்ற சுத்தமான கரண்டியால் மட்டும் எடுங்கள். எடுத்த பிறகு மீதமுள்ள காய்கள் நீருக்குள் முழுதும் மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நீர் குறைந்திருந்தால், 250 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் சிறிது வினிகருடன் ஊற்றலாம். இப்படி வைத்தால் பச்சை ஆலிவ் ஒன்றிரண்டு மாதங்கள் தாங்கும்.

படி 3: தகர டப்பாவில் வரும் கருப்பு ஆலிவ்

பீட்சாவின் மேல் வளையங்களாகக் கிடக்கும் இவ்வகையைத் தனியாகவே நடத்த வேண்டும். எரிசோடா கரைத்த காரநீரில் ஊறவைத்து, காற்றைச் செலுத்திக் கருக்கச் செய்த காய்கள் இவை. அந்நிறம் மங்காதிருக்கச் சேர்க்கும் ஃபெரஸ் குளுக்கோனேட் என்னும் இரும்பு உப்பின் பெயரை டப்பாவின் மேல் காணலாம். இவற்றில் புளிப்பு இல்லாததால், டப்பாவை அடைத்த பின் கொடுக்கும் கடும் வெப்பமே இவற்றுக்குக் காவல். 1919-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கேண்டன் நகரில் நடந்த ஒரு விருந்தில், போதிய வெப்பம் பெறாத இத்தகைய ஆலிவ்களை உண்டவர்களில் சிலர் பாட்டுலிசம் என்னும் நச்சுநோயால் இறந்தார்கள். அதன் பிறகே, அந்த ஆலிவ்கள் வந்த கலிஃபோர்னியாவில் 116 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 40 நிமிடம் பதப்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. டப்பாவைத் திறந்தவுடன் அந்தக் காவல் முடிந்துவிடுகிறது. எனவே காய்களை அவற்றின் நீருடனேயே கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூண்டு சேர்த்து எண்ணெயில் ஊறவைத்த ஆலிவுக்கு நான்கு நாள்களே கெடு.

படி 4: கெட்டதா, இல்லையா?

பச்சை ஆலிவின் தோலில் தெரியும் சிறு வெண்புள்ளிகளும் புட்டியின் அடியில் படியும் வெண்மையான வண்டலும் பெரும்பாலும், தயிரைப் போலக் காயையும் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாக்களின் திரள்களே, அவற்றால் தீங்கில்லை. குளிரில் எண்ணெய் உறைந்து கட்டியாவதும் கேடன்று, வெளியே வைத்தால் உருகிவிடும்.

நீரின் மேல் ஏடு போலப் படரும் வெண்படலம்தான் பலரையும் குழப்புவது. அது ஈஸ்ட், தன்னளவில் நஞ்சில்லை. ஆனால் அது நீரிலுள்ள அமிலத்தைத் தின்று, மற்றக் கிருமிகளுக்கு வழி திறந்துவிடுகிறது. வீட்டில் புளிக்கவைத்த ஆலிவ் என்றால், காய் கெட்டியாகவும் வாடை சரியாகவும் இருக்கும்போது அதை வழித்தெடுத்துவிடலாம். கடைப் புட்டியில் கண்டால் நான் வைத்துக்கொள்வதில்லை. பச்சை, கருப்பு நிறங்களில் பூசணம் பூத்திருந்தால் மேலே உள்ளதை மட்டும் நீக்குவதில் பயனில்லை, அனைத்தையும் கொட்டிவிடுங்கள்.

நல்ல ஆலிவில் புளிப்பும் உப்பும் கலந்த மணம் வரும். பழைய தோல் செருப்பைப் போல நாறினால், ஸ்பெயின்காரர்கள் ‘சபத்தேரா’ என்று அழைக்கும் கேடு அது. நீரின் புளிப்பு குறைந்தபோது வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகியதன் விளைவு. விரலால் அழுத்தியதும் கூழாகும் காயும், வழவழத்த நீரும் குப்பைக்கே உரியவை.

பாட்டுலிசம் நஞ்சுக்கோ வாடையும் இல்லை, சுவையும் இல்லை. ஆதலால் உப்பிய டப்பாவையும், திறக்கும்போது சீறித் தெறிக்கும் டப்பாவையும் ஒரு காய்கூடச் சுவைத்துப் பார்க்காமல், இரண்டு பைகளில் இறுகக் கட்டி எறிந்துவிட்டு, கைகளைச் சோப்பால் கழுவிக்கொள்ளுங்கள்.