காதைப் பொத்துவது அடமல்ல: ஆட்டிசப் பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

மிக்ஸியைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையிடம் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்கிறோமே, அதுதான் முதல் தவறு. நமக்கு அது சட்னி அரைக்கிற சத்தம். ஆட்டிசம் உள்ள பலருக்கோ தாங்க முடியாத வேதனை. கண், காது, தோல் வழியே வருவதை அவர்கள் மூளை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறது. ஆட்டிசம் போன்றவற்றைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம். என்ற கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதுவும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இன்னமும் 'செல்லம் கொடுத்துக் கெட்டது' என்று பேசுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது, "பழகினால் சரியாகிவிடும்" என்று இழுத்துக்கொண்டு போவது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்க, திமிறும் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். அப்படிச் செய்தால் சத்தம் பழகாது, மண்டபம் என்றாலே நடுங்குவதுதான் பழகும். தாலி கட்டுகிற நேரத்துக்கு வெளியே கூட்டிப் போய்விடுங்கள். சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி ஒன்று பையில் இருக்கட்டும். சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். வீட்டில் "இப்போ அரைக்கப் போறேன்" என்று முன்கூட்டியே சொல்லி, சுவிட்சைப் பிள்ளையின் கையாலேயே போடவைத்துப் பாருங்கள். எதிர்பாராமல் வரும் சத்தம்தான் பலரை அதிகம் உலுக்குகிறது.

எல்லாருக்கும் உணர்வு கூடுதல் என்று நினைத்துவிடவும் கூடாது. சிலருக்குக் குறைவு. முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்தாலும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். பசிப்பதும் மூத்திரம் முட்டுவதும்கூடச் சட்டென்று தெரியாது. அழாத பிள்ளைக்கு வலியில்லை என்று விட்டுவிடுகிறோம். குளிப்பாட்டும்போது உடம்பை நாமேதான் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரே பிள்ளைக்குச் சத்தம் ஆகாமலும், இறுக்கி அணைத்தால் நிம்மதியாகவும் இருக்கலாம்.

கையை உதறினால், சுற்றினால் தடுக்காதீர்கள். அது பலருக்குத் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டும் குறுக்கிடுங்கள். குத்துகிற சட்டை லேபிளை வெட்டிவிடுங்கள். வழவழ வெண்டைக்காயை வாயில் திணிக்காதீர்கள். ஆனால் சாப்பிடுவது மூன்று நான்கு பொருள்களாகச் சுருங்கிவிட்டால் மருத்துவரிடம் பேசியே ஆக வேண்டும்.

அப்புறம், நிலைகுலைந்து கத்துகிற நேரத்தில் அறிவுரை வேண்டாம். விளக்கைக் குறைத்து, கூட்டத்தை அனுப்பிவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஆட்டிசத்தையே காரணம் காட்டுவதும் ஆபத்து. இதுவரை இல்லாமல் திடீரென்று காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், காதுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். காது டாக்டரிடம் காட்டுங்கள்.