கத்தி விழுந்தால் கையைத் திருத்தாதீர்கள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் எங்கள் பின்வீட்டுப் பெரியவரை என் மகள் ‘கத்தித் தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள். கத்தி எறிவதிலும் டோமஹாக் என்னும் சிறு கோடாரியை எறிவதிலும் மனிதர் கைதேர்ந்தவர். வருடத்துக்கு ஒருமுறை மான்தோல் சட்டையை மாட்டிக்கொண்டு ‘ராந்தேவூ’வுக்குக் கிளம்பிவிடுவார். 1825 முதல் 1840 வரை ராக்கி மலைப் பக்கம் பீவர் என்னும் ஆற்று விலங்கைத் தோலுக்காக வேட்டையாடியவர்களும் தோல் வியாபாரிகளும் ஆண்டுதோறும் கூடிய சந்தைக்கு அந்தப் பெயர். அதே பாணி உடையில் இன்றும் கூடுகிறார்கள். கத்தியும் கோடாரியும் எறிந்து போட்டி வைக்கிறார்கள். அந்த வேட்டைக்கு ஆள் கேட்டு 1822-இல் விளம்பரம் வந்தது எங்கள் ஊர்ப் பத்திரிகையில்தான் என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

போன குளிர்காலத்தில் காலமானார். அவரிடம் நான் வாங்கிய திட்டுகள் புதிதாக எறியத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதல் திட்டு, அதிகம் வாங்கிய திட்டு: கத்தி குத்தாமல் விழுந்ததும் கையை மாற்றுவது. மணிக்கட்டைச் சுண்டுவோம், பிடியை இறக்குவோம், வேகத்தைக் கூட்டுவோம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது உதவியது என்று தெரியாமல் முழிப்போம். எறிந்த கத்தி காற்றில் சுழன்றுகொண்டே போகிறது. பிடியைப் பிடித்து எறிந்தால் ஒரு முழுச் சுற்று முடியும் இடத்தில் இலக்குக் கட்டை இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது சுமார் 12 அடி. எனவே கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போகட்டும், நகர வேண்டியது கால். கத்தியின் பிடி மேலே தூக்கியபடி குத்தினால் சுற்று மிஞ்சிவிட்டது, அரை அடி முன்னே வாருங்கள். பிடி கீழே தொங்கினால் சுற்று முடியவில்லை, பின்னே போங்கள். கோடாரிக்கும் இதே கணக்குதான்: காம்பு முதலில் இடித்தால் பின்னே, தலையின் உச்சி இடித்தால் முன்னே. “கட்டை பதில் சொல்கிறது, நீ கேட்க மாட்டேன் என்கிறாய்” என்பார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் ஆனது.

அடுத்தது பலம். அவர் எறிவதைப் பார்த்தால் மேசையில் எதையோ வைப்பது போல இருக்கும். பலமாக வீசினால் விரல்கள் இறுகும், கத்தி கையைவிட்டுத் தாமதமாக நழுவும், சுழற்சி தாறுமாறாகும். எடையுள்ள கத்திக்கு முரட்டு வேகம் தேவையே இல்லை.

சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன் ஒரு நாள். பேசாமல் வாங்கி எங்கள் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தார். காய் நறுக்கும் கத்தியின் எஃகு கடினமானது, பக்கவாட்டில் அடிபட்டால் முறிந்து தெறிக்கும். எறியும் கத்திக்கு முனை மட்டும் கூராக இருந்தால் போதும், ஓரம் மழுங்கியே இருக்கலாம். சுமார் ஓரடி நீளத்தில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற மூன்றை வாங்குங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடையில் இருந்தால் தவறு கையிலா கத்தியிலா என்று கடைசிவரை தெரியாது.

இலக்குக்குப் பலகையை ஆணியடித்து நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். காட்டன்வுட், பைன் போன்ற மென்மையான மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையங்கள் தெரியும் முகத்தை நம்மைப் பார்க்க நிறுத்த வேண்டும். நார்களுக்கு நடுவே முனை இறங்கும். கத்தியை உருவியதும் நார்கள் ஓரளவு திரும்பச் சேர்ந்துகொள்ளும். வெயிலில் காய்ந்தால் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

டோமஹாக்கில் நான் செய்த தவறு கொஞ்சம் நம் ஊர்த் தவறு. தலை ஆடுகிறதே என்று, எங்கள் தாத்தா கோடாரிக்கு அடிப்பது போல மேலே ஓர் ஆப்பு அடித்துவிட்டேன். இதன் ஹிக்கரி மரக் காம்போ மேலே தடித்து, கீழே சிறுத்து இருக்கும். தலையைக் காம்பின் அடிவழியாக நுழைத்து மேலே தள்ளுவார்கள், குந்தாலிக்குப் போடுவது போல. எறிய எறியக் காம்பு உடைவது சகஜம். தலையைத் தட்டிக் கழற்றி வேறு காம்பில் ஏற்றினால் வேலை முடிந்தது. ஆப்பு அடித்தால் அந்த வசதியே போய்விடும். டோமஹாக் என்ற சொல் வர்ஜீனியா பக்கத்துப் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது, இரும்புத் தலையோ ஐரோப்பிய வியாபாரிகள் கொண்டுவந்தது என்பதையும் அன்றுதான் சொன்னார், என் ஆப்பை நோண்டிக்கொண்டே.

அவர் குரலை உயர்த்தியது ஒரே விஷயத்துக்கு. கட்டையில் பட்டுத் தெறிக்கும் கத்தி எறிந்தவரிடமே திரும்பி வரும். மூடிய காலணி கட்டாயம். வேடிக்கை பார்ப்பவர்கள் எறிபவருக்குப் பின்னால், தள்ளி நிற்க வேண்டும். எல்லோரும் எறிந்து முடித்த பிறகே எடுக்கப் போக வேண்டும். கத்தியோடு கத்தி மோதினால் ஓரத்தில் பிசிறு எழும்பும். அது கையைக் கிழிக்கும். பையில் எப்போதும் ஓர் அரம் வைத்திருப்பார்.

எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு செங்கல் பதித்துத் தந்திருக்கிறார், அவரவர் சுற்று முடியும் தூரத்தில். மகளின் கல் முன்னே, என்னுடையது நடுவில், அவருடையது ஒன்றரை அடி பின்னே. சில மாலைகளில் அவர் கல்லில் நின்று எறிந்து பார்க்கிறேன். கத்தி குத்துகிறது, பிடி மட்டும் மேலே தூக்கிக்கொண்டு.