பழைய சோலிங்கன் சவரக்கத்தியைத் தீட்டி எடுப்பது

மடக்கு சவரக்கத்திக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. ஆனால் ஜெர்மனியின் சோலிங்கனிலும் பிரான்சின் தியேரிலும் அலகைக் குழிவாகச் சாணை பிடிக்கத் தெரிந்த கைகள் கொஞ்சம்தான். என்னைக் கேட்டால், புதுசுக்குக் காத்திருக்காமல் பழசை வாங்குங்கள். என்னிடம் இருப்பது 5/8 அங்குல அகலம். பழகுகிறவர்களுக்கு அதுவே தோது.

அலகின் தடித்த முதுகில் துரு இருந்தால் தேய்த்துவிடலாம். கூர் விளிம்பில் துரு குழி பறித்திருந்தாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ வாங்கவே வாங்காதீர்கள்.

தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000 என்று ஏறுங்கள்; எண் கூடக் கூடக் கல் நைசாகும். ஏற ஏற அழுத்தம் குறையட்டும். முன்கை முடி தொட்டதும் உதிர்ந்தால் சரி. அப்புறம் தோல்வாரில் ஐம்பது இழுப்பு, முதுகு முன்னே போக. திருப்பும்போது முதுகின் மேல் உருட்டுங்கள். விளிம்பின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு!

சவரத்துக்குச் சுமார் 30 டிகிரி சாய்வு. மறுகையால் தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசையிலேயே மழியுங்கள். முதலில் கன்னம் மட்டும். மோவாய் கொஞ்சம் பொறுக்கட்டும். முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.